பின்னால் நிற்கிறவன்



வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்கு எங்கள் பள்ளித் திடலுக்கு நீங்கள் வந்தால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். பதினான்கு பையன்கள், ஒரு பந்து. "கோல் அடிக்கிற இடத்தில் யார் ஆடப்போகிறீர்கள்?" என்று கேட்டால் பதினான்கு கைகள் உயரும். "பின்னால் நின்று தடுக்கப்போவது யார்?" என்றால் பதினான்கு தலைகள் குனியும். செருப்பைப் பார்ப்பார்கள், புல்லைப் பார்ப்பார்கள், தூரத்தில் தெரியும் செம்பனை மரங்களைக்கூட எண்ணிப் பார்ப்பார்கள். என் கண்ணை மட்டும் பார்க்கமாட்டார்கள்.

சென்ற ஆண்டு, ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒருவனை நானே பிடித்துப் பின்னால் நிறுத்தினேன். கொஞ்சம் தடித்த உடம்பு, ஓட்டம் மெதுவு. ஆனால் பந்து எங்கே போகப்போகிறது என்று மற்றவர்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா மோட்டாரில் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். காலில் இருந்த ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"சார், என் மவனை எதுக்கு சார் பின்னால நிறுத்தி வெச்சிருக்கீங்க? பின்னால நிக்கிற புள்ளைக்கு யாரு சார் கை தட்டுவா? அவனுக்கும் காசு போட்டுத்தானே பூட்ஸ் வாங்கிக் குடுத்தேன்?"

நியாயமான கேள்விதான். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்த அம்மாவுக்கும் பையனுக்கும் சொன்ன பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததும் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான். அப்பா பால் வெட்டினார். அம்மா நிரை பிடித்து அவருக்கு உதவியாகப் போவார். 1990-களில் எங்கள் லயத்தில் பல வீடுகளுக்கு டெலிவிஷன் வந்துவிட்டது என்றாலும், மலேசியக் கிண்ண இறுதியாட்டம் என்றால் மட்டும் எல்லாரும் பொது மண்டபத்துக்குத்தான் போவோம். தனியாக வீட்டில் உட்கார்ந்து பந்து பார்ப்பதில் என்ன ருசி இருக்கிறது? கச்சான் கொறித்துக்கொண்டு, நடுவரைத் திட்டிக்கொண்டு, நாலு பேரோடு பார்த்தால்தான் பந்து.

அப்போது சிலாங்கூர் கொடிகட்டிப் பறந்த காலம். 1995, 1996, 1997 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. நாங்கள் பேராக் பிள்ளைகள் அல்லவா? எங்களுக்குச் சிலாங்கூரைக் கண்டாலே ஆகாது. யார் அதை எதிர்த்தாலும் அவர்கள் பக்கம்தான் எங்கள் கூச்சல். 1996-ல் சபாவைப் பெனால்டியில் சிலாங்கூர் வென்ற இரவில் எங்கள் மண்டபத்தில் ஒருவர் நாற்காலியை எட்டி உதைத்தது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தண்டல் ஒருவர் இருந்தார். இளவயதில் தோட்டக் குழுவில் வெறுங்காலோடு 'பேக்' ஆடியவர். அவர் மட்டும் கத்தமாட்டார். ஒரு நாள் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "பந்தையே பாக்காதடா. சிலாங்கூருக்குப் பின்னால நிக்கிறானே அந்த வெள்ளக்காரன், அவனைப் பாரு. பந்து அவன்கிட்ட இல்லாதப்ப அவன் என்ன செய்யிறான்னு பாரு" என்றார். பார்த்தேன். முதல் கால்மணி நேரம் ஒன்றும் புரியவில்லை. அந்த ஆள் கையை நீட்டி யாரையோ நகரச் சொல்கிறார், தானும் இரண்டடி நகர்கிறார், திரும்பிப் பார்க்கிறார், மறுபடியும் இரண்டடி. அவ்வளவுதான். "இதுக்கா சம்பளம்?" என்று கேட்டேன். "எத்தனை தடவை பந்து அந்தக் கோலுக்கு வரலைன்னு எண்ணிப் பாரு. அதுக்குத்தான் சம்பளம்" என்றார் தாத்தா.

அந்த வெள்ளைக்காரர்தான் மெஹ்மத் துராக்கோவிச்.

அவர் 1965-ல் அன்றைய யுகோஸ்லாவியாவில், அப்போது தித்தோகிராட் என்று அழைக்கப்பட்ட ஊரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் போட்கோரிட்சா என்ற பெயரில் மொண்டினீக்ரோ நாட்டின் தலைநகரமாக இருக்கிறது. அவர் பிறந்த நாடும் இப்போது இல்லை, பிறந்த ஊரின் பெயரும் இப்போது இல்லை! சிறுவனாக இருக்கும்போதே ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்போர்னில் வளர்ந்தார். அந்தக் காலத்தில் மெல்போர்னின் பல காற்பந்துக் கிளப்புகள் கிரேக்கர், இத்தாலியர், குரோவேஷியர் என்று பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள் தங்களுக்குள் கூடி நடத்தியவை. வேலை முடிந்தால் திடல், திடலைச் சுற்றி உறவுக்காரர்கள், ஊர்ப்பேச்சு, ஊர்ச்சாப்பாடு. நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து கோயிலையும் திடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

அங்கிருந்துதான் அவர் சவுத் மெல்போர்ன் போன்ற கிளப்புகளில் தற்காப்பு ஆட்டக்காரராக வளர்ந்து ஆஸ்திரேலிய தேசியக் குழுவுக்கு 60-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 1990-களின் நடுவில் சிலாங்கூருக்கு வந்தார்.

அவர் வந்த நேரத்தையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மலேசியக் காற்பந்து வெட்கித் தலைகுனிந்திருந்த நேரம் அது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றார்கள் என்ற விவகாரம் 1994-லும் 1995-லும் வெடித்தது. 126 பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆட்டக்காரர்கள், பயிற்றுநர்கள் என்று 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 ஆட்டக்காரர்களுக்குத் தடை விழுந்தது. ஒரு பேக் காலை நீட்டத் தவறினால்கூட, "வித்துட்டான்டா" என்று மண்டபத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். இதில் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் கஷ்டம் அதிகம். முன்னால் ஆடுகிறவன் பத்து வாய்ப்பில் ஒன்பதைக் கோட்டைவிட்டு ஒன்றை அடித்தால் வீரன். பின்னால் ஆடுகிறவன் தொண்ணூறு நிமிடத்தில் எண்பத்தொன்பதைச் சரியாக ஆடி ஒரு நிமிடம் தவறினால் சந்தேகத்துக்குரியவன்!

அப்படிப்பட்ட இடத்தில் நின்று ஆடுகிறவனுக்கு என்னதான் வேலை? காற்பந்து தெரியாத அம்மாமார்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்த அண்ணன்மார்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிரி பந்தோடு ஓடிவரும்போது பையன்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? நேராகப் பாய்ந்து காலை நீட்டுவார்கள். எதிரி லேசாகப் பந்தைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் போய்விடுவான். நல்ல தற்காப்பாளன் பாயமாட்டான். உடம்பைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, எதிரியோடு கூடவே பின்வாங்கிக்கொண்டு வருவான். எதிரியின் காலையோ கண்ணையோ பார்க்காமல் பந்தை மட்டும் பார்ப்பான். கோலுக்கு நேரே விடாமல் மெல்ல மெல்லத் திடலின் ஓரக்கோட்டுப் பக்கம் அவனைத் தள்ளிக்கொண்டு போவான். அந்த ஓரக்கோடு இருக்கிறதே, அதுவும் நமக்கு ஓர் ஆட்டக்காரன் மாதிரிதான். அதைத் தாண்டி அவனால் எங்கும் போக முடியாது. அதற்குள் நம் ஆள் இன்னொருவன் உதவிக்கு வந்துவிடுவான்.

அடுத்தது வரிசை. பின்னால் நிற்கும் நால்வரும் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நகர வேண்டும். 'ஆஃப்சைட்' விதி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பந்து உதைக்கப்படும் நேரத்தில், கோலுக்குப் பக்கத்தில் நிற்கும் எதிரணிக்காரர்களில் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளைத் தாண்டி நிற்கக்கூடாது. 1925-க்கு முன்பு கடைசியிலிருந்து மூன்றாவது ஆள் என்று விதி இருந்தது. அதை மாற்றியதும் கோல்கள் பெருகின, தடுப்பவர்களுக்கு வேலையும் பெருகியது. நால்வரில் ஒருவன் ஓரடி பின்தங்கினாலும் வரிசை உடைந்துவிடும். ஆகவே பின்னால் நிற்கிறவன் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "மேலே வா", "உன் முதுகுக்குப் பின்னால் ஆள்", "விடு, என்னுடையது" என்று. பெரட்டுக் களத்தில் நிற்கும் தண்டலைப் போல, எல்லாரையும் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்குத் தங்கள் முதுகு தெரியாது.

1992-ல் இன்னொரு விதி வந்தது. நம் ஆள் காலால் தள்ளிக்கொடுக்கும் பந்தைக் கோல்காவலர் கையால் பிடிக்கக்கூடாது என்றார்கள். அதுவரை ஆபத்து என்றால் கோல்காவலருக்குத் தள்ளிவிட்டு மூச்சுவிடலாம். அதற்குப் பிறகு பேக்குகளும் பந்தைக் கட்டுப்படுத்தவும் ஆளைப் பார்த்துக் கொடுக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தூக்கித் தூர அடிப்பது மட்டும் போதாது என்ற காலம் அது. துராக்கோவிச் போன்றவர்கள் தங்கள் ஆட்டத்தின் பாதியில் இதைப் புதிதாகப் பழகினார்கள்.

தண்டல் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவர் எந்த ஆட்டக்காரனைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் எம். சந்திரனில்தான் வந்து நிற்பார். நம்மவர்களில் எத்தனை பேருக்கு இன்று அந்தப் பெயர் தெரியும்? மலேசியா ஒலிம்பிக் காற்பந்தில் ஆடிய ஒரே முறை 1972-ல் மூனிக்கில்தான். அந்தக் குழுவுக்குத் தலைவர் சந்திரன், தற்காப்பு ஆட்டக்காரர். அதே குழுவில் வி. கிருஷ்ணசாமி, ஸ்ரீ சண்முகநாதன் போன்ற நம்மவர்களும் இருந்தார்கள்.

மூனிக்குக்குப் போவதற்கான தகுதி ஆட்டங்கள் 1971-ல் சியோலில் நடந்தன. தென் கொரியாவை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று வென்றோம். சையட் அகமட் அடித்த அந்த ஒரு கோலைப் பற்றி இன்றும் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஜப்பானை 3-0, தைவானை 3-0, பிலிப்பைன்ஸை 5-0. மொத்தம் நான்கு ஆட்டங்கள், அடித்த கோல்கள் 12. வாங்கிய கோல்கள் எத்தனை? ஒன்றுகூட இல்லை. "சையட் அகமட் அடிச்சது ஒண்ணு. பின்னால நின்னவங்க ஒண்ணும் வாங்காததாலதானே அந்த ஒண்ணு போதுமானதா இருந்துச்சு?" என்பார் தாத்தா. மூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்றும் மொரோக்கோவிடம் 0-6 என்றும் தோற்றோம், அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். ஆறு கோல் வாங்கிய நாளில் பின்னால் நின்றவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சில நேரம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

துராக்கோவிச்சுக்கு வருவோம். ஆடி முடித்த பிறகு அவர் பயிற்றுநர் ஆனார். பெரிய குழு ஒன்றின் நாற்காலியில் நேராகப் போய் உட்காரவில்லை. மெல்போர்ன் விக்டரி கிளப்பின் இளையோர் குழுவைப் பயிற்றுவித்தார். ஆஸ்திரேலியாவில் 2008-ல் இளையோருக்கென்று தனி லீக் தொடங்கியிருந்தார்கள். தேசியக் குழுவில் அத்தனை ஆட்டம் ஆடியவர், பெயர் தெரியாத பையன்களோடு, காலி இருக்கைகளுக்கு முன்னால். நம் ஊரில் ஆடி ஓய்ந்த பெரிய ஆட்டக்காரர் ஒருவரைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்? சிலர் வருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கு நாம் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து நன்றி சொல்வதோடு சரி.

2011 மார்ச்சில் மெல்போர்ன் விக்டரியின் தலைமைப் பயிற்றுநர் எர்னி மெரிக் நீக்கப்பட்டார். துராக்கோவிச் அந்த இடத்தைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார், பிறகு அவரையே நியமித்தார்கள். ஹேரி கியூவெல் போன்ற உலகப் புகழ் பெற்றவர்கள் இருந்த குழு. எதிர்பார்ப்பு மலையளவு. முடிவுகள் வரவில்லை. 2012 ஜனவரியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓர் ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை.

இந்தப் பகுதியைப் பையன்களுக்குச் சொல்லும்போது நான் அவசரப்படாமல் சொல்வது வழக்கம். தோற்றவன் கதையைப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். ஜெயித்தவன் கதையில் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

பிறகு அவர் மலேசியாவுக்கே திரும்பி வந்தார். முதலில் தாம் ஆடிய சிலாங்கூருக்குப் பயிற்றுநராக, அதன் பிறகு 2017-ல் நம் ஈப்போவுக்கு. நாங்கள் மண்டபத்தில் உட்கார்ந்து திட்டிய அதே ஆள், இப்போது நம் மஞ்சள் கறுப்புக் கூடாரத்தில்! பேராக் அதற்கு முன் 1998-லும் 2000-லும் மலேசியக் கிண்ணம் வென்றது. அந்த வெற்றிகளின்போது நான் வாலிபன். தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். அதன் பிறகு 2002-லும் 2003-லும் லீக் பட்டம். பிறகு நீண்ட வறட்சி.

2018-ல் லீக்கில் இரண்டாம் இடம். அக்டோபர் 27-ஆம் தேதி ஷா ஆலாம் அரங்கில் திரங்கானுவோடு மலேசியக் கிண்ண இறுதியாட்டம். அந்த அரங்கம் இன்று இல்லை, புதிதாகக் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். இருந்தாலும் அன்றைய இரவு பேராக்காரர்களுக்கு மறக்காது. ஆட்டம் முடியும் தறுவாயில், போச்சு என்று பலரும் எழுந்து நின்ற நேரத்தில், பிரெண்டன் கான் அடித்தார் ஒரு கோல். 3-3. கூடுதல் நேரத்திலும் அதே நிலை. பெனால்டியில் 4-1 என்று நாம் வென்றோம். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் ஈப்போவுக்கு வந்தது. தலைவராக இருந்தவர் ஷாருல் சாட், அவரும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். துராக்கோவிச் காலத்துப் பேராக் குழுவில் கென்னி பல்ராஜ், பார்த்திபன் என்று நம் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. இதைச் சொல்லும்போதுதான் எங்கள் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பது பற்றி நான் அனுபவத்தில் கண்ட சில விஷயங்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் காற்பந்து நிபுணன் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்றதும், பள்ளிக் குழுவோடு வெயிலில் நின்றதும்தான் என் கைமுதல். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு நான்காம் எண் பந்துதான் ஏற்றது. பெரியவர்கள் உதைக்கும் ஐந்தாம் எண் பந்தை வாங்கிக் கொடுத்து, "பையன் உதைக்கவே மாட்டேங்கிறான்" என்று குறை சொல்லாதீர்கள். முழுத் திடலில் பதினோரு பேரை ஓடவிட்டால் பாதிப் பிள்ளைகள் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். சின்னத் திடலில் ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டால் எல்லாருக்கும் பந்து கிடைக்கும்.

தலையால் முட்டும் பயிற்சியைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும். தற்காப்பு ஆட்டக்காரர்கள்தான் அதிகம் முட்டுகிறவர்கள். ஆடி ஓய்ந்த பழைய ஆட்டக்காரர்களின் மூளை நலத்தைப் பற்றி ஸ்காட்லாந்தில் ஆராய்ந்த பிறகு, 2020-ல் இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலைமுட்டு வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது. அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 2015-லேயே தடுத்துவிட்டார்கள். உங்கள் தாமானில் யாராவது சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பந்தைத் தலையில் போட்டுப் பழக்கினால், தயங்காமல் போய்ச் சொல்லுங்கள். பதினான்கு வயதுக்குமேல் கற்றுக்கொள்ள நிறைய நேரம் இருக்கிறது.

அது சரி, ஆடுவதற்குத் திடல் எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் பழைய தோட்டத்துத் திடலில் இன்று நிற்பது செம்பனை. தோட்டம் கைமாறியது, லயங்களை இடித்தார்கள், ஆட்கள் தாமானுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் போனார்கள். புதிதாக வாங்கியவர்கள் திடலை விட்டுவைப்பதாகச் சொன்னார்கள். ஒரு தைப்பூசத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், நடுவட்டம் இருந்த இடத்தில் கன்று நட்டிருந்தது! கோயில் மட்டும் இருக்கிறது. கோல் கம்பங்களில் ஒன்றைக் கோயில் பந்தலுக்குத் தூணாக வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். இன்று எங்கள் பள்ளித் திடல், ஒரு பக்கம் சரிந்து மழைக்காலத்தில் குளமாகிவிடும் அந்தத் திடல்தான், சுற்றியுள்ள மூன்று தாமான்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரே திடல்.

இன்னொன்றும் பெற்றோர்கள் கேட்பார்கள்: "பந்து ஆடினா சோறு கிடைக்குமா சார்?" சிலருக்குக் கிடைக்கும், எல்லாக் காலத்திலும் கிடைக்காது. 2018-ல் கிண்ணம் தூக்கிய அதே பேராக், 2021-ல் சம்பளம் கொடுக்க முடியாமல் தடுமாறியது. ஆட்டக்காரர்கள் பலர் விலகினார்கள், பருவ முடிவில் குழு சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. பிறகு மீண்டும் ஏறிவந்து, 2025-26 பருவத்துக்கு முன்பு நிதி நெருக்கடியால் லீக்கிலிருந்தே விலகியது. ஆகவே படிவம் 3-ல் பள்ளியை விட்டுவிட்டுப் பந்துக்குப் போகிறேன் என்று பையன் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எஸ்.பி.எம். முடிக்கட்டும். அதே நேரம், "பரீட்சை வருது, பந்தைத் தூக்கி அலமாரியில வை" என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதும் எனக்குச் சம்மதமில்லை. வாரம் இரண்டு மாலை ஓடி ஆடிய பிள்ளை வகுப்பில் தூங்குவது குறைவு. என் வகுப்புப் பதிவேட்டை நான்தானே பார்க்கிறேன்!

பயிற்றுநர் ஆக விரும்பும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் சான்றிதழ்கள் 'டி' நிலையில் தொடங்கி 'சி', 'பி', 'ஏ' என்று ஏறிப்போகும். பெரிய ஆட்டக்காரராக இருந்தால்தான் 'டி' நிலைக்குப் போகலாம் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். தோட்டக் குழுவில் ஆடிய அண்ணன்மார்கள் பலருக்கு அந்த அறிவு கையிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு தாள் மட்டும் குறைகிறது.

என் மாணவன் கதை பாக்கியிருக்கிறது. பள்ளிகளுக்கிடையிலான மாவட்டப் போட்டியில் எங்கள் குழு மூன்று ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டம் 0-0, இரண்டாவது ஆட்டம் 1-0 வெற்றி, மூன்றாவதில் 0-1 தோல்வி, அத்தோடு வெளியே வந்துவிட்டோம். அந்த ஒரு கோல் அவன் பக்கமாகத்தான் வந்தது. சறுக்கி விழுந்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் அழுதுகொண்டே என்னிடம் வந்து, "சார், நான் பாஞ்சிட்டேன் சார். பாயக்கூடாதுன்னு சொன்னீங்க" என்றான்.

அவனுடைய அம்மா அன்று வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர், மகனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார், நான் எண்ணினேன் சார். மூணாவது ஆட்டத்துல மட்டும் பதினோரு தடவை பந்தை இவன் திருப்பி அனுப்பினான். ஒண்ணுதான் விட்டான்" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "ஏன்டா, அடுத்த வருசம் ஆறாம் ஆண்டுதானே? சாரே உன்னைப் பின்னால போடுவாருல்ல?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். மோட்டாரில் ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். சேற்றுப் பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தான்.